கோந்தம்மா ஒட்டிய தலை

தூசி தட்டத்தான் அந்தப் பூச்சியைக் கோந்தம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாளில் படம் எடுக்கப் போகிறோம், ஒரு நூலிழை அழுக்குகூட இருக்கக் கூடாது என்று கும்பிடு மேடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்றே முடி வைத்த தூரிகையால் இறக்கையைத் துடைத்தாள், முன்கால்களின் முட்களுக்கு நடுவே துடைத்தாள், பிறகு அடிப்பக்கம் பார்ப்பதற்காக ஊசியோடு சேர்த்துப் பூச்சியைத் திருப்பினாள். கழுத்துக்குக் கீழே, இடது ஓரமாக, கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு மினுமினுப்பு. விளக்கைச் சாய்த்தால் மறைந்தது, நிமிர்த்தினால் வந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் பூச்சியின் தோலே அங்கே பளபளப்பு என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். கோந்தம்மா அப்படி நினைத்துக்கொள்ள வழியில்லை. அவள் இடது கைக்காரி. அவள் வைக்கும் கோந்து கடைசியில் ஒரு பொட்டாக இடது ஓரத்தில்தான் போய் நிற்கும். அந்தக் கட்டடத்தில் இடது கைக்காரர் வேறு யாரும் கிடையாது.

அவள் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தபோதும் பொட்டு அங்கேயேதான் இருந்தது.

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இருபத்தாறு வருடமாக அவள் கோந்தம்மாதான். ஊசி குத்திக் காயவைத்த பூச்சிகள் பழசாகப் பழசாகச் சருகைவிட மோசமாக நொறுங்கும். பக்கத்தில் நின்று தும்மினால் உணர்கொம்பு உதிரும், இழுப்பறையை வேகமாக இழுத்தால் கால் போகும். உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டிவைப்பது அவள் வேலை. அதோடு விட்டார்களா? காவலாளியின் செருப்பு வார், நூலகரின் மூக்குக் கண்ணாடி, போன இயக்குநர் கோபத்தில் தள்ளிவிட்ட பூச்சாடி என்று கட்டடத்தில் உள்ள உடைசல் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். ஒட்டிய இடம் எது என்று கேட்டால் அவளைத் தவிர ஒருவராலும் காட்ட முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

பூச்சிப் பிரிவில் ஒரு விதி இருந்தது. உடம்பிலிருந்து எது கழன்றாலும் அதைச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் மடித்து, அதே ஊசியில், பூச்சிக்கு அடியில் குத்திவிட வேண்டும். எந்த உடம்புக்கு எந்தக் கால் என்பதில் சந்தேகமே இல்லாதபோதுதான் ஒட்டலாம். ஒட்டினால், தண்ணீரில் கரையும் கோந்தால் ஒட்ட வேண்டும். ஒட்டினேன் என்று ஒரு துண்டுச்சீட்டும் எழுதிச் செருக வேண்டும். அப்படி ஆயிரம் சீட்டாவது எழுதியிருப்பாள். இந்தப் பூச்சியின் ஊசியில், நாற்பது வருடத்துக்கு முன்பு பிடித்த இடத்தையும் தேதியையும் சொல்லும் சீட்டு மட்டும் இருந்தது. ஒட்டியதற்கான சீட்டு இல்லை.

இது ஏதோ ஓர் ஓரத்துப் பூச்சியாக இருந்தால் அவளும் இப்போது ஒரு சீட்டு எழுதிச் செருகிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் இது கும்பிடு மேடத்தின் புதுப் பூச்சி.

கும்பிடு மேடம் பூச்சிப் பிரிவின் ஆராய்ச்சியாளர். வருகிறவர் போகிறவர் யாருக்கும் கும்பிடு போடாதவர். பதினாறு வருடமாகக் கும்பிடுபூச்சிகளையே பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர் வந்தது. அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். அவரிடம் மாட்டிக்கொண்டால் அரைமணி நேரம் போய்விடும். உலகத்தில் இரண்டாயிரத்து நானூறு வகைக்குமேல் இருக்கிறது என்பார். மரப்பட்டையில் பட்டை மாதிரியே ஒட்டிக் கிடப்பது, காய்ந்த இலை மாதிரி தொங்குவது, பூ மாதிரி உட்கார்ந்து வண்டுக்குக் காத்திருப்பது, குஞ்சில் எறும்பு வேஷம் போட்டுத் திரிந்துவிட்டுப் பெரிசானதும் வேஷம் கலைப்பது என்று ஒவ்வொன்றாக இழுப்பறையைத் திறந்து காட்டுவார். இதெல்லாம் வெட்டுக்கிளிக்குச் சொந்தம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். நெருங்கின சொந்தம் கரப்பான், அடுத்தது கறையான். குச்சிப்பூச்சிகூட தூரத்து உறவுதான். அதனால்தான் அவருடைய அலமாரியை ஒட்டிக் கரப்பான் அலமாரியும் கறையான் அலமாரியும் நிற்கும். "பாக்கத்தான் சாமியார், சொந்தக்காரங்க எல்லாம் சமையல்கட்டுத் திருடனுங்க" என்று கோந்தம்மா ஒருமுறை சொல்ல, மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் சேர்ந்து டீ குடிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

அவருக்கு மேலே இருந்த துறைத்தலைவர் பத்தொன்பது புதிய வகைகளுக்குப் பெயர் வைத்துவிட்டு மாலையும் கழுத்துமாக ஓய்வு பெற்றுப் போனார். பத்தொன்பதில் பதினொன்றை இழுப்பறை இழுப்பறையாகத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கும்பிடு மேடம். கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. டீயில் ஆடையை மட்டும் ஸ்பூனால் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே இருப்பார்.

இந்த வருடம்தான் அவருக்கென்று ஒன்று கிடைத்தது. தோட்டத்திலும் வேலியிலும் எங்கும் கிடைக்கிற சாதாரணப் பச்சைக் கும்பிடுபூச்சிகளின் வரிசையில் ஒரே ஒரு பெண் பூச்சி. உடம்பு, இறக்கை, முன்காலில் முட்களின் எண்ணிக்கை எல்லாம் அந்தச் சாதாரண வகைதான். தலை மட்டும் வேறு. இரண்டு கண்ணுக்கும் நடுவே, உச்சியில், பாதி எள் அளவுக்கு ஒரு கொம்பு. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கொம்பு கிடையாது. மரபணு பார்க்கலாமென்றால் நாற்பது வருடப் பழசில் எதுவும் தேறவில்லை. ஆனால் கண்ணெதிரே கொம்பு இருக்கிறதே! மேடம் ஆறு மாதம் எழுதினார், பன்னிரண்டு படம் வரைந்தார். கட்டுரையை இதழ்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நல்ல புகைப்படம் ஒன்று சேர்த்து வெள்ளிக்கிழமை அனுப்பினால் அச்சுக்குப் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு டீ நேரத்தில்தான் மேடம் கேட்டார். "அக்கா, உங்க முழுப்பேரை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

"எதுக்கு மேடம், ஏதாவது விசாரணையா?"

"பூச்சிக்கு வெக்கப் போறேன். புடிச்சவங்க பேரு வெச்சாச்சு, படிச்சவங்க பேரு வெச்சாச்சு, மேலதிகாரியோட பொண்டாட்டி பேரு வரைக்கும் வெச்சாச்சு. இத்தனையும் உதிராம பாத்துக்கிட்டவங்க பேரு ஒருத்தரும் வெக்கல."

கோந்தம்மா எழுதிக் கொடுத்தாள்.  எழுத்துக் கோணிவிட்டதென்று அந்தத் தாளைக் கசக்கிவிட்டு இன்னொரு தாளில் எழுதினாள்.

அவள் கணவர் தையல்காரர். அன்று சாயங்காலத்திலிருந்து அளவெடுக்க வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் செய்திதான். நாடாவைத் தோளில் வைத்தால் ஆரம்பிப்பார், கணுக்காலுக்கு வரும்போது முடிப்பார். நடுவில் இடுப்பளவைக் குறிக்க மறந்து ஒருவரை மறுபடி வரச் சொன்னார். அவருடைய தங்கைக்கும் சொல்லிவிட்டார். கல்யாணமான புதிதில் பூச்சியைத் தொட்ட கை என்று கோந்தம்மா கொடுத்த தண்ணீரை வாங்காமல் இருந்த நாத்தனார் அவள். இப்போது அவளே கூப்பிட்டு, "அண்ணி, அது அச்சானதும் எனக்கு ஒண்ணு எடுத்து வெய்யுங்க, கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டணும்" என்றாள். இருபத்தைந்து வருடம் காத்திருந்து கேட்ட வார்த்தை. கோந்தம்மா அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

இப்போது அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு பழைய கட்டடத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்குக் குடி வந்தார்கள். பூச்சிகளை எல்லாம் வகை பிரிக்காமல் தற்காலிகப் பெட்டிகளில் நெருக்கிக் குத்தி, தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். லிஃப்டின் வாசலில் வண்டிச் சக்கரம் இடுக்கில் மாட்டி ஒரு குலுக்கல். வண்டியைத் தள்ளியது அவள்தான். பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு கும்பிடுபூச்சிகளின் தலைகள் கழன்று உருண்டு கிடந்தன. நுண்ணோக்கிகள் எல்லாம் மரப்பெட்டிக்குள் ஆணியடித்துக் கிடந்தன. கையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. இரண்டு உடம்பு, இரண்டு தலை, இரண்டும் வைக்கோல் நிறம், ஒரே அளவு. இதில் என்ன பெரிய குழப்பம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். கழுத்துப் பொருந்துகிற மாதிரி பார்த்து ஒட்டினாள். சீட்டு எழுதவில்லை. எழுதினால் வண்டி குலுங்கிய கதையையும் எழுத வேண்டும். தன் கையால் எதுவும் விழுந்ததில்லை என்று அப்போதும் சொல்லிக்கொள்வாள், இப்போதும் சொல்லிக்கொள்கிறாள். ஒட்டிய இடமும் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான கால்களும் உணர்கொம்புகளும் அவள் கை வழியாகப் போய்விட்டன. அந்த இரண்டு தலையும் மறந்தே போயிருந்தன.

 இருந்தாலும் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. இதன் தலை இன்னொன்றினுடையது என்றால், அந்த இன்னொன்றின் தலை இதனுடையதாக இருக்க வேண்டும். இரண்டையும் சரியாகத்தான் ஒட்டியிருந்தால் கொம்பு வகையின் உடம்பில் கொம்புள்ள தலையே இருக்கும். மேடத்தின் புதுப் பூச்சியும் பிழைத்துப் போகும். அவள் எழுந்து அலமாரி வரிசையின் கடைசிக்குப் போனாள். வேறு குடும்பத்தைச் சேர்ந்த கொம்புள்ள வகைகள் அங்கேதான் இருந்தன. மேடம் அந்தப் பக்கம் வந்து வருடக்கணக்காகிறது. அவருடைய ஆராய்ச்சி எல்லாம் பச்சை வகைகளில். இழுப்பறையை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். இரண்டு வரிசையாகப் பதினான்கு பூச்சிகள். ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடியைப் பிடித்தாள். கொம்பு, கொம்பு, கொம்பு. ஆறு தாண்டியதும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. எட்டாவதும் ஒன்பதாவதும் கொம்பு. பதினோராவது பூச்சியின் தலை வழுவழுவென்று இருந்தது.

அதையும் திருப்பிப் பார்த்தாள். பொட்டு இடது பக்கத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது கணவர் கடையில் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஊசியைச் சட்டையிலேயே குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, நீ சொல்லலேன்னா என்ன ஆகும்?" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் ஆகாதுங்க. அதான் பயமா இருக்கு."

"யாராவது பின்னால கண்டுபிடிச்சா?"

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. நான் அவ்வளவு நல்லா ஒட்டியிருக்கேன்."

அவர் நாடாவை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்ற நினைப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதை மறைக்கிற சாமர்த்தியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவளுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. தன்மேல் எரிச்சலாக இருந்தது. நாத்தனார் கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு எந்தச் சுவரைக் காலி செய்து வைத்திருப்பாள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

"உன் பேரு போனா போகுது. நான் உன்னைக் கட்டிக்கிட்டது பூச்சியப் பாத்து இல்ல" என்றார் அவர். "ஆனா அந்தம்மா நிலைமைய நெனச்சுப் பாத்தியா? பதினாறு வருஷமா ஒண்ணு கிடைக்காதான்னு இருந்தவங்க. அவங்க கைல இருக்கறத நீ புடுங்கப் போற."

"அதத்தாங்க வர்ற வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன்."

"என்ன முடிவுக்கு வந்த?"

"முடிவுக்கு வந்திருந்தா செருப்பக் கழட்டியிருப்பேன்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஊசியை உருவி, விட்ட இடத்திலிருந்து காஜாவைத் தொடர்ந்தார்.

மறுநாள் காலை மேடம் வருவதற்கு முன்பே இரண்டு பூச்சிகளையும் இரண்டு சின்னப் பெட்டிகளில் எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டாள். பேச வேண்டியதைப் பேருந்தில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். மேடம் கைப்பையை மாட்டிவிட்டு, "தூசி போயிடுச்சா அக்கா?" என்று கேட்டதும் நான்கும் மறந்துபோயின.

"அந்தத் தலை அதோடது இல்ல மேடம். நான்தான் மாத்தி ஒட்டியிருக்கேன்."

மேடம் முதலில் இதை விளையாட்டு என்றே நினைத்தார். பிறகு கோந்தம்மா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. புதுப் பூச்சியை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். திருப்பினார், விளக்கை மாற்றினார், இன்னும் பெரிதாக்கினார். ஐந்து நிமிடம் கழித்துத் தலையை நிமிர்த்தியபோது அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

"ஒட்டுன எடமே இல்லையே. கழுத்துத் தோல் ஒரே சீரா இருக்கு. நீங்க வேற எதையோ நெனச்சுக் குழப்பிக்கிறீங்க."

"இடது ஓரத்துல ஒரு பொட்டு இருக்கும் பாருங்க."

"அது தோலு. அங்க அப்படித்தான் இருக்கும்."

"மேடம், அது என் கை."

மேடம் எழுந்து போய் எதிர் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்து வந்து வைத்தார். உள்ளே ஒரு சின்னப் பூச்சி. முன்னால் பார்த்தால் அச்சு அசல் கும்பிடுபூச்சி, மடித்த முன்கால், முக்கோணத் தலை எல்லாம். பின்னால் கண்ணாடி மாதிரி மெல்லிய இறக்கை. கும்பிடுபூச்சிக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, இது வேறு வரிசை என்று மேடமே பல முறை சொல்லியிருக்கிறார். "இதப் பாருங்க. முன்பாதி ஒண்ணு, பின்பாதி ஒண்ணு. யாரு ஒட்டுனது இத? உலகத்துல இல்லாததா? இப்படி ஒரு தலையும் இப்படி ஒரு ஒடம்பும் ஏன் சேந்து இருக்கக் கூடாது?"

"அது பொறக்கும்போதே அப்படி, மேடம். இது நான் பண்ணது." கோந்தம்மா இரண்டாவது பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதையும் பாருங்க. கொம்புக்காரங்க வரிசைல பதினோராவது. கொம்பு இல்ல."

மேடம் அதைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கோந்தம்மாவால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த ஒட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதினோரு வருஷமா சொல்லல. இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"இப்பதான் எனக்கே தெரியும் மேடம்" என்றாள். சொன்னதும் அது முழு உண்மையில்லை என்று பட்டது. "இல்ல. தலை விழுந்தது அன்னிக்கே தெரியும். சீட்டு எழுதணும்னும் தெரியும். மாத்தி ஒட்டுனதுதான் தெரியாது."

"என் பொண்ணுகிட்டகூடச் சொல்லிட்டேன் அக்கா" என்றார் மேடம். கோபமாகச் சொல்லியிருந்தால் கோந்தம்மா தாங்கியிருப்பாள். அவர் அதைச் சாதாரணமாக, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். கோந்தம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழக் கூடாது, அழுதால் அவர் தன்னைச் சமாதானப்படுத்த வேண்டி வரும், அது நியாயமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் மேடம் இரண்டாவது பெட்டியைத் திறந்தார். கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஒரே ஒரு முறை பார்த்தார். "ரெண்டையும் ஈரப்பெட்டில வெய்யுங்க. நாளைக்குக் கழட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து வேறு எதையோ எழுத ஆரம்பித்தார். அன்று அவர் டீக்கு வரவில்லை.

ஈரப்பெட்டி என்பது மூடி போட்ட ஒரு தகரப் பெட்டி. அடியில் நனைத்த மணல், அதன்மேல் வலை, வலைமேல் பூச்சி. ஒரு நாள் வைத்தால் விறைத்த மூட்டெல்லாம் இளகிவிடும், கோந்தும் இளகிவிடும். பூசணம் பிடிக்காமலிருக்க மருந்துத் துளி விட்டு மூடினாள். கைகள் அவற்றின் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. அவள் மனம் அங்கே இல்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மேடம் பத்து மணிக்கு வந்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சமாக இருந்த கோந்தம்மாவின் மேசைக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி இருந்தது, கண் மட்டும் வீங்கியிருந்தது.

"கட்டுரைய திருப்பி வாங்கிக்கறேன்னு எழுதிப் போட்டுட்டேன்" என்றார். அக்கா என்று சேர்க்கவில்லை. கோந்தம்மா அதைக் கவனித்தாள்.

பெட்டியைத் திறந்து, மேசைமேல் வெள்ளைத் தாள் விரித்தாள். புதுப் பூச்சியின் தலை சின்ன இடுக்கியால் தொட்டதுமே தளர்ந்து வந்துவிட்டது. தாள்மேல் வைத்தாள். மற்றது வரவில்லை. தூரிகையால் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள், பத்து நிமிடம் பொறுத்தாள், மறுபடி தொட்டாள். இம்மிகூட அசையவில்லை. பதினோரு வருடம் கழித்தும் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது பார் என்று ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணமே தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. எதிரே இருந்தவர் தூரிகையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது முறை தண்ணீர் வைத்தபோது அதுவும் கழன்றது.

இப்போது தாள்மேல் இரண்டு தலைகள் இருந்தன. மேடம் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். கொம்புள்ள தலையைத் தூரிகையால் மெதுவாகத் தள்ளி, பதினோராவது உடம்பின் கழுத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். கழுத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு இருந்தது; தலையின் அடியில் அதற்கேற்ற பள்ளம் இருந்தது. இரண்டும் சரியாக உட்கார்ந்தன. அவர் இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார்.

"சரிதான்" என்றார்.

கோந்தம்மா ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயெடுத்தாள்.  மன்னிப்பு என்ற வார்த்தை அந்த மேசைக்குப் பெரிதாகவும் போதாததாகவும் இருந்தது. மேடம் தூரிகையை வைத்துவிட்டு, தலையைப் பழையபடி தாளின் நடுவுக்கு நகர்த்தினார். பொட்டலம் மடிக்கக் காகிதம் எடுக்கக் கோந்தம்மா இழுப்பறைப் பக்கம் திரும்பினாள்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது; யாரோ அதை முழு வேகத்தில் விட்டிருந்தார்கள். தாளின் ஓரம் படபடத்தது. கோந்தம்மா பாய்ந்து திரும்பி இரண்டு கைகளையும் தாளைச் சுற்றி அணை கட்டினாள். அதற்குள் எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு கைகள் வந்து மிச்சமிருந்த இடத்தை அடைத்திருந்தன. விரலோடு விரல் இடித்தது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காற்று அவர்களுடைய முடியைக் கலைத்தது, மேசைமேல் இருந்த சீட்டுகளைத் தரையெங்கும் இறைத்தது. சுவிட்ச் நான்கடி தூரத்தில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் எழுந்து போக வேண்டும். இரண்டு பேருமே எழாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, நான்கு உள்ளங்கைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டு சின்னத் தலைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.